முன்பாதி, பின்பாதி

“எஞ்சின் என்னோட பொறுப்பு. ஆயில், ஆயில் ஃபில்டர், பெல்ட்டு, பேட்டரி எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“அப்ப எனக்கு?”

“உனக்குப் பின்பாதி. கியர் பாக்ஸு, ஹைட்ராலிக்கு, லிஃப்ட்டு.”

“கெட்டுப் போச்சின்னா?”

“எவன் பாதியால வண்டி நிக்குதோ, அவன் பாத்தியதைய விட்டுடணும். வண்டி மத்தவனுக்கு. முறையும் அதோட முடிஞ்சிது.”

நான்கு வருடங்களுக்கு முன்பு பச்சமுத்துவும் அவருடைய தம்பி வளவனும் கடைசியாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். வளவனின் மனைவி அன்புக்கரசி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிங்கவரத்துக்கு வாழ வந்து அப்போது ஆறு மாதம். நிலத்தைப் பிரிப்பார்கள், பாத்திரத்தைப் பிரிப்பார்கள் என்று தெரியும். ஒரு டிராக்டரை நடுவில் கோடு போட்டு முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு என்று பிரிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதைப்போல வண்டிக்கும் முறை வைத்தார்கள். ஒரு வாரம் அண்ணனுக்கு, மறுவாரம் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் சாவி கைமாறும். பேச்சு கிடையாது. டீக்கடையில் கொஞ்ச நாள் இதை வைத்துச் சிரித்தார்கள். அண்ணன் பாதி இழுக்க மாட்டேன் என்றால் தம்பி பாதி தள்ளிக்கொண்டு போகுமா என்று கேட்டார்கள். பிறகு ஊருக்கும் பழகிவிட்டது.

சண்டை வந்தது சவுக்குக் கன்றால். மேட்டு நிலத்தில் சவுக்கு வைக்கலாம் என்றான் வளவன். மல்லாட்டைதான் போட வேண்டும், அது கடலைக்கான மண் என்றார் பச்சமுத்து. வார்த்தை தடித்தது. “கல்யாணம் கட்டாத ஆளுக்குக் குடும்பத்துக் கஷ்டம் இன்னா தெரியும்” என்று சொல்லிவிட்டான் வளவன். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, வேலைக்கு அலைந்து, பெண் பார்த்துக் கட்டி வைப்பதற்குள் தனக்கென்று ஒன்றைப் பார்க்க மறந்துபோன மனிதரிடம் சொன்ன வார்த்தை அது. பச்சமுத்து மறுநாள் பெரியவர்களை அழைத்துப் பாகம் பிரித்தார். வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு, தன் நிலத்தில் இருந்த மோட்டார் கொட்டாயில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து வளவனுக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாதிரிதான் விடியும். சாவி வாங்கப் போகிற நாளானாலும் கொடுக்கப் போகிற நாளானாலும், நான்கு மணிக்கே எழுந்து குளித்துச் சட்டையை மாற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவான். அண்ணனைப் பார்த்து, வீட்டுக்குத் திரும்பி வந்துவிடு என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குளியல், அந்தச் சட்டை. ஏழு மணிக்குத் திரும்பி வருவான். கேட்டீங்களா என்று அன்புக்கரசி கண்ணால் கேட்பாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஞாயிறு இருக்கிறது என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் இருந்தது. வண்டி இருக்கிறவரை ஞாயிறு இருக்கும்.

அந்த வண்டிதான் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நின்றது.

ஓட்டம் நிற்கவில்லை. எஞ்சின் எப்போதும்போல உறுமியது. லிஃப்ட்தான் நின்றது. உழுதுகொண்டிருந்த கொல்லையின் ஓரத்தில் திருப்பும்போது கலப்பையைத் தூக்க நெம்புகோலை இழுத்தால், பின்னால் இருந்த லிஃப்ட் கைகள் இரண்டும் நடுங்கின. முழங்கால் உயரம் எழும்பிய கலப்பை, களைத்துப்போன மாடுபோல மெல்ல மெல்லத் தரையில் படுத்துவிட்டது. வளவன் நான்கு முறை இழுத்துப் பார்த்தான். ஐந்தாவது முறை எழும்பவே இல்லை. செஞ்சி மெக்கானிக் துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டான். முதலில் ஹைட்ராலிக் ஃபில்டரை மாற்றிப் பார், அதற்கும் கேட்கவில்லை என்றால் பம்ப் போய்விட்டது என்றார் அவர். பம்ப் என்றால் வண்டியைப் பிரித்துப் பத்து நாள் போட வேண்டும்.

மறுநாள் விட்டு மறுநாள் ஞாயிறு. சாவி அண்ணன் கைக்குப் போக வேண்டிய ஞாயிறு. அவருடைய நிலத்தில் விதைப்பு காத்திருக்கிறது. கெட்டிருப்பது பின்பாதி.

“நாலு வருசமா என் பாதி ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல” என்றான் வளவன், வண்டிக்கு அடியில் படுத்தபடி. “ஃபில்டரகூட மாத்தினதில்ல நான். நல்ல கம்பெனி சரக்கு, அப்படியே ஓடுதுன்னு நெனச்சேன்.”

சனிக்கிழமை காலை அவன் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருகி அதைக் கழற்றினான். பெரிய பால் டப்பா உயரத்தில், உருண்டையாக, வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தது. போன ஆயுத பூஜை பச்சமுத்துவின் வாரத்தில் வந்தது. அவர் வண்டி முழுக்கப் பெயிண்ட் அடித்துத்தான் படையல் போட்டார். பிறகும் அவ்வப்போது துரு தெரிகிற இடத்தில் தொட்டுத் தொட்டு அடித்துக்கொண்டிருப்பார். ஃபில்டரின் மேல் அச்சடித்திருந்த நம்பர் அந்தப் பெயிண்டுக்குள் எங்கோ போய்விட்டது. எண்ணெயைக் கீழே வடிய விட்டிருந்ததால் வளவனால் வண்டியை விட்டு நகர முடியவில்லை. அன்புக்கரசி பழைய ஃபில்டரை ஒரு பையில் கட்டி ஸ்கூட்டியின் காலடியில் வைத்துக்கொண்டு செஞ்சிக்குக் கிளம்பினாள்.

திண்டிவனம் ரோட்டில் இருக்கும் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை சுமலதாவுடையது. மேல்சித்தாமூர்ப் பெண். கணவர் வெளி வேலைகளைப் பார்த்துக்கொள்ள, பன்னிரண்டு வருடமாகக் கல்லாவிலும் கவுண்டரிலும் அவர்தான். பொருளைக் கையில் வாங்கியதும் பெயர் சொல்லிவிடுவார் என்று பஜாரில் பேச்சு. அன்றைக்கு வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெயிண்டை நகத்தால் சுரண்டினார்.

“யாரு போட்டது இத?” என்றார்.

“தெரியலக்கா. வண்டியோட இருந்தது. இதே மாதிரி ஒண்ணு குடுங்க.”

“இதே மாதிரின்னு குடுத்தா ரெண்டாவது தப்பு என்னுதாயிடும். இரு.”

உள்ளே இருந்து மூன்று ஃபில்டர்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். மூன்றும் பழையதும் பார்வைக்கு உடன்பிறந்தவைபோல இருந்தன. அன்புக்கரசி ஒன்றை எடுத்துப் பழையதோடு உயரம் பார்த்தாள். சரியாக இருந்தது. வாயில் இருந்த ரப்பர் வளையமும் ஒரே அகலம். கடையில் மாதிரிக்கு வைத்திருந்த திருகாணியில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார் சுமலதா. இரண்டும் வழுக்கிக்கொண்டு ஏறின.

“மரை ஏறுதா? ஏறுது. எல்லாரும் இங்கதான் ஏமாறுறது. மரை ஏறினா சரின்னு நெனச்சிக்கறது. உள்ள இருக்கறதுதாம்மா ஃபில்டரு. வெளிய இருக்கறது டப்பா.”

அவர் டப்பா வெட்டும் சக்கரக் கத்தியை எடுத்தார். ரம்பம் போட்டு அறுத்தால் ரம்பத்தின் தூளே உள்ளே விழுந்துவிடும், அப்புறம் எது வண்டியின் தூள், எது ரம்பத்தின் தூள் என்று தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஃபில்டரின் கழுத்தைச் சுற்றிக் கத்தியை ஓட்டினார். மூடி தனியாக வந்தது. அதன் அடியில் செம்பருத்தி நிறத்தில் மெல்லிய ரப்பர் தட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுமலதா அதை விரலால் தூக்கிக் காட்டினார்.

“இது எஞ்சின் ஆயில் ஃபில்டர். வண்டி நிறுத்தினா ஆயில் எறங்காம புடிச்சி வைக்கறதுக்கு இந்த ரப்பர் வேணும். ஹைட்ராலிக்குக்கு இது இருக்கவே கூடாது. அங்க பம்ப் உறிஞ்சணும். இத வச்சா, மூக்கப் பொத்திக்கினு மூச்சு விடுன்னு சொல்ற மாதிரி.”

உள்ளே இருந்த தகரக் குழாய் இடுப்பில் நசுங்கியிருந்தது. உறிஞ்சி உறிஞ்சிப் பம்ப் அதை நசுக்கியிருக்கிறது. அன்புக்கரசி குழாயைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியானால் பம்ப் போய்விட்டதா என்று கேட்டாள்.

“அத தாள் சொல்லும்” என்றார் சுமலதா.

குழாயைச் சுற்றியிருந்த தாளை அவர் பிளேடால் கீறி எடுத்தார். ஒரு முனையை அன்புக்கரசியிடம் கொடுத்து, பின்னால் நடக்கச் சொன்னார். அவள் ஓர் அடி வைத்தாள். மடிப்பு பிரிந்தது. இன்னோர் அடி. புடவைக் கொசுவத்தைப்போல நெருக்கமாக மடித்திருந்த தாள் விரிந்துகொண்டே வந்தது. ஒரு கையில் அடங்கிய டப்பாவுக்குள் இருந்து அது நீண்டு நீண்டு, அவள் வாசற்படிக்கு வந்து ரோட்டு வெயிலில் முதுகு படும்வரை வந்தது. இத்தனை நாள் இந்த வண்டி இவ்வளவு நீளமான ஒன்றைத் தன் இடுப்பில் சுருட்டி வைத்துக்கொண்டு உழுதிருக்கிறது.

சுமலதா போன் டார்ச்சை அடித்து, தாளின் ஓரத்திலிருந்து ஓரம்வரை மடிப்பு மடிப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை அதன்மேல் நகர்த்தினார். சாம்பல் நிறத்தில் மீசைபோலக் கொஞ்சம் தூள் ஒட்டியது. அது கியரின் தேய்மானம், எல்லா வண்டியிலும் உண்டு என்றார். பொன் நிறத்தில் மினுமினுவென்று எதுவும் இருந்தால்தான் பயம். அது காந்தத்தில் ஒட்டாது, அது பம்பின் உள்புறம் உதிர்ந்து வந்தது. இரண்டு பெண்களும் அந்தத் தாளின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, இருக்கக் கூடாத பொன்னைத் தேடினார்கள். கடைக்கு வந்த ஒருவர் குனிந்து, தாளுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனார்.

பொன் இல்லை.

“பம்ப் பட்டினிதான் கெடந்திருக்குது. சாவல” என்றார் சுமலதா. “சரியானத மாட்டு, எழுந்துக்கும்.”

மூன்றில் நடுவில் இருந்ததற்குள் அதே ரப்பர் தட்டு இருந்தது, அதை அவர் தள்ளி வைத்தார். முதலாவதின் வாய்க்குள் பார்க்கச் சொன்னார். ஓரத்துத் துளைகள் பெரிதாக இருந்தன, ரப்பர் தட்டு இல்லை. மூன்றாவதிலும் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் அடித்தகரம் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கியது. முதலாவது அமுங்கவில்லை. அன்புக்கரசி அதை எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் சுமலதா அந்தப் பேச்சை எடுத்தார். கையைப் பஞ்சு வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டே, இந்தத் தப்பான ஃபில்டர் என் கடைச் சரக்கு இல்லை, இந்த வெள்ளிப் பெயிண்ட் அடிக்கிற உங்கள் பெரியவர் எப்போதும் என்னிடம்தானே வாங்குவார் என்றார்.

எந்தப் பெரியவர் என்று கேட்டாள் அன்புக்கரசி.

“பச்சமுத்து அண்ணன்தான். வருசத்துக்கு ரெண்டு வாட்டி வருவாரு. எஞ்சினுக்கு ஒண்ணு, ஹைட்ராலிக்குக்கு ஒண்ணு, சின்ன டப்பா வெள்ளிப் பெயிண்ட் ஒண்ணு. இன்னாண்ணா, ஃபில்டருக்கெல்லாம் பெயிண்ட்டான்னு கேட்டிருக்கேன். புதுசுன்னு தெரியக்கூடாது சுமலதான்னு சிரிப்பாரு. இந்த வருசம் எங்க ஊரு சித்தாமூர் தேருக்குப் பத்து நாள் கடை பூட்டியிருந்தேன். அப்ப வேற எங்கியோ வாங்கியிருப்பாரு போல.”

அன்புக்கரசி மனதுக்குள் எண்ணினாள்.

வருடத்துக்கு இரண்டு. நான்கு வருடம். பின்பாதி ஒரு நாளும் மக்கர் பண்ணாத நான்கு வருடம். தன் வாரம் வரும்வரை காத்திருந்து, தம்பியின் பாதிக்கு அடியில் யாரும் பார்க்காத நேரத்தில் படுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, அது புதியது என்று தெரிந்துவிடக் கூடாதே என்று பெயிண்டைத் தொட்டு அடித்து, காய விட்டு, ஞாயிற்றுக்கிழமை முகத்தில் ஒன்றுமில்லாமல் சாவியை நீட்டியிருக்கிறார். துரு என்று நினைத்தோமே. வாசலில் இருந்து கவுண்டர்வரை இன்னும் விரிந்து கிடந்த அந்தத் தாளை அவள் பார்த்தாள். ஒரு மனிதருக்குள்ளும் இத்தனை மடிப்பு இருக்கும்போல என்று நினைத்தபோது கண்ணை மறைத்துக்கொண்டு நீர் வந்தது.

“இன்னாம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. எஞ்சினுக்கும் ஒரு ஃபில்டர் குடுங்க. அதையும் நீங்களே பாத்துக் குடுங்க. ஆயில் கேனும் ஒண்ணு.”

“பெயிண்ட்டு?”

“வேணாம்” என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் ஒரு பயம் இருந்தது. கணவனிடம் சொன்னால் அவன் எப்படி எடுத்துக்கொள்வான்? பேச்சுப்படி பார்த்தால் வண்டி நின்றது அண்ணன் கையால். தம்பி ஜெயித்தான். அப்படி ஒரு நினைப்பு அவன் முகத்தில் ஒரு நொடி வந்துபோனாலும் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. கோட்டை மலையைத் தாண்டி ஊர்ப் பாதையில் திரும்பும்வரை சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினாள். டிராக்டர் அருகில் ஸ்கூட்டியை நிறுத்தியதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

வளவன் மல்லாந்து படுத்திருந்தான். எழவில்லை. தலைக்கு மேலே ஃபில்டர் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து சொட்டிய எண்ணெய் அவன் தோளில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

“என் பாதி கெடவே கெடாதுன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சனே, அன்பு” என்றான். “அண்ணன் காதுக்கும் போயிருக்கும்ல.”

அவன் புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, மரையில் வைத்துக் கையால் திருகினான். எண்ணெயை ஊற்றி நிரப்பினான். எஞ்சினைப் போட்டு நெம்புகோலை இழுத்தான். கலப்பை வெடுக்கென்று ஓர் அசைவு அசைந்தது. பிறகு எழும்பியது. முழங்காலைத் தாண்டி, அவள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி அந்தரத்தில் நின்றது. வளவன் எஞ்சினை நிறுத்திவிட்டு, கொழுவின் நுனிக்கு நேராக ஒரு குச்சியை நட்டான். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருப்பவர்களைப்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்தது. குச்சிக்கும் கொழுவுக்கும் இடையில் ஒரு விரல்கூடக் குறையவில்லை.

அப்புறம் அவன் எழுந்து வண்டியின் முன்பக்கம் போனான். நான்கு வருடத்தில் அவன் எஞ்சின் மூடியைத் திறப்பது அதுதான் முதல் தடவை. பழைய ஆயிலை வடித்து, இரண்டாவது ஃபில்டரை மாட்டி, புது ஆயிலை ஊற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை அன்புக்கரசியும் ஏரிக்கரைக்குப் போனாள். வா என்று அவன் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பச்சமுத்து கரைமேல் நடந்து வந்தார். ஐம்பதை நெருங்கும் உடம்பு, தோளில் துண்டு. அவளைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, தலையை மட்டும் அசைத்தார்.

வழக்கம்போல நேராக எஞ்சினுக்குப் போய் ஆயில் அளவுக் கம்பியை உருவினார். துண்டில் துடைக்கப்போனவர் நின்றார். கம்பியின் நுனியில் ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. குனிந்து ஃபில்டரைப் பார்த்தார். புதியது. கம்பியை மெதுவாகத் திரும்பச் செருகிவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் கையைத் தடவிக்கொண்டே பின்னால் நடந்தார். தம்பி பார்க்கும்போது அவர் ஒருநாளும் பின்பாதிக்குப் போனதில்லை. அங்கே வெள்ளிப் பெயிண்ட் இல்லாமல், கம்பெனியின் நீல நிறத்தோடு, நம்பர் பளிச்சென்று தெரிய இன்னொரு ஃபில்டர் இருந்தது.

அவர் அந்த நம்பரை விரலால் தடவினார்.

“லிஃப்ட்டு நின்னுச்சாம்மா?” என்று கேட்டார். தம்பியிடம் அல்ல, அவளிடம்.

“ஆமா மாமா. வெள்ளிக்கெழம. இப்ப சரியாயிடுச்சி. பம்ப்புக்கு ஒண்ணும் ஆவல.”

“சுமலதா கட பூட்டியிருந்தது. வேற கடையில மரை ஏறிச்சி, சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்.” முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். “நல்லது பண்றேன்னு அவன் பாதிய நானே நிறுத்திட்டேன்.”

வளவன் சாவியை நீட்டினான். பச்சமுத்து அதை வாங்கவில்லை. நீட்டிய கையின் விரல்களை, சாவியோடு சேர்த்து, மெல்ல மூடினார். நான்கு வருடத்தில் அவர் தம்பியைத் தொட்டது அப்போதுதான்.

“பேசினது பேசினதுதான்” என்றார். “என் கையாலதான் நின்னுது. வண்டி இனிமே உன்னுது. வெதைப்புக்கு நான் வேற வண்டி சொல்லிக்கறேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அடுத்த ஞாயிறு இவர் இந்தக் கரைக்கு வரவேண்டியதில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அன்புக்கரசி தானே ஓடிப்போய் மறித்துவிடலாமா என்று நினைத்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் மூடிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பச்சமுத்து இருபது அடி போய்விட்டார். முப்பது.

வளவன் சாவியை வண்டியின் சீட்டில் வைத்தான். ஓடவில்லை. வெறுங்கையோடு நடந்தான். மதகுக்கருகில் அண்ணனுக்கு முன்னால் போய் நின்றான்.

“அண்ணா.”

அவர் நின்றார்.

“அன்னிக்கு நான் சொன்னத யாரும் யாரையும் சொல்லக் கூடாது. உன்ன நான் சொன்னேன். வண்டிய நான் கேக்கல. நீயே வச்சுக்க, வித்துடு, எதுனா பண்ணு.” கண்ணீரைத் துடைக்காமல் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தான். “வீட்டுக்கு வந்துடுண்ணா.”